ஈஆர்பி வாங்கியாயிற்று, பலன் எங்கே? சிங்கப்பூர்ச் சிறு நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மளிகை மொத்த வியாபாரத்தில் பல ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். அங்கே ஈஆர்பி மென்பொருள் வந்தது. முதல் வருடம் எங்களைப் படாதபாடு படுத்தியது, அப்புறம்தான் உருப்படியாக உதவத் தொடங்கியது. அந்த அனுபவம் இருப்பதால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் மளிகையிலிருந்து வரும். நீங்கள் துவாஸில் பட்டறை வைத்திருந்தால் உளுந்துக்குப் பதில் போல்ட்டு, நட்டு என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஈஆர்பி என்றால் சாலையில் காசு பிடிப்பதுதானே?

அதுவும்தான். 1998இல் வந்த மின்னியல் சாலைக் கட்டணத்துக்கும் இதே மூன்று எழுத்துகள்தான் என்பதால் சிங்கப்பூரில் இந்தச் சிரிப்பு தப்பாது. எங்கள் லாரி ஓட்டுநர் ஒருவர் முதல் நாள் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்து, "கட்டண நேரம் மாறுதுன்னு சொல்லக் கூப்பிட்டீங்கன்னு நினைச்சேன் அண்ணே" என்றார்.

இங்கே பேசுவது நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருளைப் பற்றி. கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் வைப்பது. தொழிற்சாலைகளில் மூலப்பொருள் தேவையைக் கணக்கிட 1960களில் எழுதப்பட்ட மென்பொருள்களின் வாரிசு இது. ஈஆர்பி என்ற பெயரை கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் 1990இல் வைத்தது. எஸ்ஏபி, நெட்சூட், மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ், ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் என்று எதை வைத்திருந்தாலும் கீழே வருவது பொருந்தும்.

இரண்டு வருடமாக மாதாமாதம் காசு கட்டுகிறோம். பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. மென்பொருள் சரியில்லையா?

இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை பத்தில் எட்டு இடத்தில் தவறு வேறெங்கோ இருக்கிறது. முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அலுவலகத்தை ஒரு சுற்று சுற்றி, யார் யார் தனியாக எக்செல் கோப்போ நோட்டுப் புத்தகமோ வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

எங்கள் நிறுவனத்தில் நான் எண்ணியபோது ஐந்து தேறியது. விற்பனைப் பெண்மணியிடம் வாடிக்கையாளருக்குத் தனித்தனி விலை எழுதிய எக்செல். முதலாளியின் மகனிடம் கன்டெய்னர் வரும் தேதிகள். என்னிடமே கடன் பாக்கிப் பட்டியல் ஒன்று. லாரிக்காரரிடம் வாட்ஸ்ஆப் குழு. கிடங்கில் இருந்த அண்ணனிடம் நீல அட்டை போட்ட நோட்டு, பக்கவாட்டில் ரப்பர் பேண்டு. "சிஸ்டம்ல 40 மூட்டைன்னு இருக்கும், நம்பாதீங்க, நோட்டுல 31" என்பார். உண்மையிலேயே 31தான் இருக்கும்.

இதில்தான் விஷயமே இருக்கிறது. நோட்டு சரியாக இருக்கும்வரை யாரும் சிஸ்டத்தைச் சரிசெய்ய மாட்டார்கள். சிஸ்டம் தவறாக இருக்கும்வரை யாரும் நோட்டை விடமாட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து நீங்கள் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஈஆர்பியிலிருந்து கூடுதல் பலன் வேண்டுமென்றால் புது மாட்யூல் (மென்பொருளின் கூடுதல் பகுதி) வாங்குவதற்கு முன் இந்த இணைக் கணக்குகளை ஒவ்வொன்றாக மூட வேண்டும். அதட்டி மூட முடியாது. அந்த நோட்டு ஏன் தேவைப்படுகிறது என்று கண்டுபிடித்து, அந்தக் காரணத்தை நீக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

பொருள் பட்டியலிலிருந்து. அலுப்பான வேலை. யாருக்கும் பிடிக்காது, வெளியாட்களிடம் கொடுத்தாலும் சரியாக வராது. ஆனால் மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

எங்கள் பட்டியலில் கடுகுக்கு ஆறு குறியீடு இருந்தது. ஒன்றில் 'கடுகு', இன்னொன்றில் அதன் ஆங்கிலப் பெயர், மூன்றாவதில் எழுத்துப்பிழையோடு அதே ஆங்கிலப் பெயர், நான்காவதில் 'சிறு கடுகு', ஐந்தாவதில் ஏற்றுமதியாளர் பெயரோடு ஒன்று, ஆறாவதில் 'கடுகு புதுசு'. அவசரத்தில் இன்வாய்ஸ் போட உட்கார்ந்தவருக்குத் தேடியது கிடைக்காதபோதெல்லாம் புதுசு ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். விளைவு என்ன? மூன்று குறியீட்டில் இருப்பு தேங்கிக் கிடக்கிறது, இரண்டில் இருப்பு மைனஸ், 'சரக்கு தீர்ந்தது' என்று சிஸ்டம் எச்சரிக்க, கிடங்கில் கடுகு மூட்டை சுவர் உயரத்துக்கு.

செய்ய வேண்டியது இதுதான். ஒரே ஆளுக்கு மட்டும் புதுக் குறியீடு திறக்கும் உரிமை. பெயர் எழுத ஒரு வரிசை: பொருள், ரகம், பிராண்டு, எடை. பழைய இரட்டைக் குறியீடுகளை அழிக்காதீர்கள், பழைய பரிவர்த்தனைகள் அவற்றில் தொங்குகின்றன. இருப்பைச் சரியான குறியீட்டுக்கு மாற்றிவிட்டு மற்றவற்றை முடக்கி வையுங்கள். ஆயிரத்துச் சொச்சம் பொருள் இருந்த எங்களுக்கு, தினம் மாலை ஒரு மணி நேரம் என்று வைத்து இரண்டரை மாதம் பிடித்தது. அந்த இரண்டரை மாதத்தில் நான் குடித்த தே தாரிக்கு முதலாளிதான் காசு கொடுத்தார்.

எங்களுக்குக் குறியீடெல்லாம் சரி. ஆனாலும் இருப்பு ஒத்துவருவதே இல்லையே?

அளவையைப் பாருங்கள். வாங்குவது 25 கிலோ மூட்டையில், விற்பது மூட்டையிலும் ஒரு கிலோ பாக்கெட்டிலும் என்றால், சிஸ்டத்துக்குள் அடிப்படை அளவை ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். கிலோ என்று வைத்தால் ஒரு மூட்டை = 25 என்ற மாற்று விகிதத்தை ஒருமுறை பதிந்துவிட்டு, யாரும் தொடாதபடி பூட்ட வேண்டும். எங்களிடம் ஒருவர் '2 மூட்டை' என்று அடிப்பதற்குப் பதில் '2 கிலோ' என்று அடித்தார். பில்லில் தொகையைக் கையால் திருத்திவிட்டதால் வாடிக்கையாளருக்குப் பிரச்சினை இல்லை. இருப்பில் மட்டும் 48 கிலோ உளுந்து காகிதத்தில் மிச்சமாக நின்றது.

பொட்டலம் போடுவதும் ஒரு பதிவுதான். மூட்டையைப் பிரித்து 25 பாக்கெட் போடும்போது சிஸ்டத்தில் மூட்டை குறைந்து பாக்கெட் கூட வேண்டும். 25 கிலோவுக்கு 24.6 கிலோதான் வரும், சிந்தும். அந்த 400 கிராமைக் கழிவு என்று பதிய இடம் வைக்காவிட்டால் வருடக் கடைசியில் மொத்தமாக வந்து நிற்கும்.

இருப்பு மைனஸில் போக அனுமதிக்கலாமா?

கூடாது. லாரி வாசலில் நிற்கும், சரக்கு வந்துவிட்டது, ஆனால் வரவுப் பதிவு இன்னும் போடவில்லை. 'இப்போதைக்கு மைனஸில் போகட்டும், சாயங்காலம் சரிசெய்யலாம்' என்பார்கள். அந்தச் சாயங்காலம் வரவே வராது. முதல் இரண்டு வாரம் பூட்டினால் கூச்சல் இருக்கும். மூன்றாவது வாரம் வரவுப் பதிவு சரக்கு இறங்கிய உடனே விழத் தொடங்கும்.

கன்டெய்னரின் அடக்கவிலையை ஈஆர்பியே போட்டுத் தருமா? நாங்கள் எக்செல்லில்தான் போடுகிறோம்.

தரும், பெரும்பாலான மென்பொருள்களில் அந்த வசதி இருக்கிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை. இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள் என்பதால் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு இருபதடிக் கன்டெய்னரில் 25 கிலோ உளுந்து மூட்டை 920 வருகிறது, அதாவது 23 டன். சரக்கு விலை, கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 40,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதியின்போது அதன்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி, 3,600 வெள்ளி. சிங்கப்பூரில் சுங்கத் தீர்வை உள்ளது மதுபானம், புகையிலை, வாகனம், எரிபொருள் ஆகியவற்றுக்குத்தான். பருப்புக்குக் கிடையாது. துறைமுகக் கட்டணம், பெர்மிட், இழுவை லாரி, ஆள்கூலி எல்லாம் 1,400 வெள்ளி.

சரியான அடக்கம் 41,400ஐ 920ஆல் வகுத்தால் மூட்டைக்கு 45 வெள்ளி. வரிப் பதிவு உள்ள நிறுவனம் இறக்குமதி வரியைத் திரும்பக் கோரலாம் என்பதால் அந்த 3,600 அடக்கத்தில் சேராது. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 48.91 வருகிறது. அந்த விலையை வைத்துக்கொண்டு, 'பக்கத்துக் கடைக்காரன் எப்படி 48க்கு விற்கிறான், நட்டத்துக்கா?' என்று நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள். மாறாக 1,400ஐ 'பொதுச் செலவு' என்று வேறு கணக்கில் எழுதிவிட்டால் 43.48 வரும். லாபம் இருப்பதுபோல் தோன்றும், வங்கிக் கணக்கில் இருக்காது.

இரண்டு தவறும் ஒரே வருடத்தில் ஒரே நிறுவனத்தில் நடந்து பார்த்திருக்கிறேன். ஒரு கன்டெய்னரை முதலாளியும் அடுத்ததை மகனும் போட்டார்கள்.

ஈஆர்பியில் வேண்டியது இரண்டே ஏற்பாடுகள். செலவு இன்வாய்ஸ்களை அந்தக் கன்டெய்னரின் கொள்முதல் ஆணையோடு இணைப்பது, எதன் அடிப்படையில் பங்கிடுவது என்று சொல்வது. ஒரே பொருள் என்றால் கவலையில்லை. அப்பளமும் அரிசியும் கலந்து வந்தால் எடையா, இடமா, மதிப்பா என்று யோசிக்க வேண்டும். அப்பளத்துக்கு எடை கிடையாது, இடம்தான் அடைக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை சரக்கு எண்ணுகிறோம். போதாதா?

கணக்காய்வாளருக்குப் போதும், உங்களுக்குப் போதாது. டிசம்பர் 31இல் எண்ணி 19 மூட்டை குறைகிறது என்று தெரிந்தால், அது எந்த மாதம் எப்படிப் போனது என்று யாருக்கு நினைவிருக்கும்? வாரம் இருபது பொருளை எண்ணுங்கள். விலை உயர்ந்ததும் வேகமாக ஓடுவதும் மாதம் ஒருமுறை வரட்டும், ஏலக்காய், முந்திரி, நெய் போன்றவை. ஊறுகாய்ப் பாட்டில் வருடத்துக்கு இருமுறை போதும். எண்ணுபவருக்கு சிஸ்டத்தில் உள்ள எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். காட்டினால் அதையே எழுதிக்கொண்டு வருவார்கள். குற்றம் சொல்லவில்லை, நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

தீபாவளிக்கு எவ்வளவு வரவழைக்க வேண்டும் என்று மென்பொருள் சொல்வது நம்பும்படி இல்லையே?

காரணம் எளிது. அது மாதத்தை மாதத்தோடு ஒப்பிடுகிறது. தீபாவளி மாதத்துக்குக் கட்டுப்படாது. 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. 2025 அக்டோபர் விற்பனையை வைத்து 2026 அக்டோபரைக் கணித்தால், எண்ணெயும் மாவும் ஏறத்தாழ மூன்று வாரம் முன்னாலேயே வந்து இறங்கி, வெளிக் கிடங்குக்கு வாடகை கேட்கும்.

நாங்கள் செய்தது, விற்பனை அறிக்கையில் 'தீபாவளிக்கு முந்தைய எத்தனையாவது வாரம்' என்று ஒரு பத்தியைச் சேர்த்ததுதான். பொங்கலுக்கு இது வேண்டாம், ஜனவரி நடுவிலேயே வந்துவிடும். நோன்பு மாதத்துக்கு வேண்டும், அது ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னால் நகர்கிறது.

சாதாரண நாளுக்கான மறு ஆணை அளவை மென்பொருளிடமே விடலாம். நாளுக்கு 8 மூட்டை ஓடுகிறது, ஆணை கொடுத்துக் கிடங்குக்கு வர 30 நாள் என்றால் 240, கப்பல் பத்து நாள் தாமதமானால் தாங்க இன்னொரு 80, ஆக 320க்கு இறங்கும்போது எச்சரிக்கை வர வேண்டும். இந்த '30 நாள்' என்ற எண்ணை மென்பொருள் நிறுவும்போது யாரோ பதிந்தது. அதற்குப் பிறகு யாராவது பார்த்தார்களா? போன ஆறு கன்டெய்னர் உண்மையில் எத்தனை நாள் எடுத்தன என்று எடுத்துப் பாருங்கள்.

புது மென்பொருளுக்கு மாறுவதை எந்த மாதம் வைத்துக்கொள்ளலாம்?

ஆகஸ்டு முதல் நவம்பர்வரை வேண்டவே வேண்டாம். அமெரிக்க மிட்டாய் நிறுவனம் ஹெர்ஷி 1999இல் புது மென்பொருள்களை ஹாலோவீன் ஆணைகள் குவியும் நேரத்தில் முடுக்கிவிட்டு, ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆணைகளை அனுப்ப முடியாமல் திண்டாடியது. கிடங்கில் மிட்டாய் இருந்தது, அது எங்கே இருக்கிறது என்று சிஸ்டத்துக்குத் தெரியவில்லை. நம் ஊர் மளிகைக்கு அந்த ஹாலோவீன்தான் தீபாவளி. பொங்கல் முடிந்து வரும் பிப்ரவரி, மார்ச் நல்லது, நோன்புப் பெருநாள் எப்போது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரி விகிதம் மாறும்போதெல்லாம் தலைவலி. இதைத் தவிர்க்க முடியுமா?

பொருள், சேவை வரி 1994இல் 3 விழுக்காட்டில் தொடங்கி, 2007இல் 7 ஆகி, 2023 ஜனவரி 1இல் 8, 2024 ஜனவரி 1இல் 9 ஆனது. அடுத்தடுத்த இரண்டு புத்தாண்டில் மாறியதால், யாருடைய சிஸ்டம் எப்படி அமைக்கப்பட்டது என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

எங்களிடம் வரிக் குறியீட்டில் விகிதத்தை மாற்றிவிட்டோம், எல்லாம் சரி என்று இருந்தோம். ஆனால் பில் அச்சாகும் படிவத்தில் '8%' என்ற எழுத்து தனியாக வடிவமைப்பில் உட்கார்ந்திருந்தது. தொகை 9க்கு, எழுத்து 8க்கு. ஒரு உணவக வாடிக்கையாளரின் கணக்காளர்தான் போன் செய்து சொன்னார், அதற்குள் நாற்பது பில் போய்விட்டது. இனி மாறுமோ மாறாதோ, விகிதம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அதற்குத் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருக்க வேண்டும். பழைய பில்லுக்குக் கழிவுச் சீட்டு (தொகையைக் குறைத்துத் தரும் கிரெடிட் நோட்) போடும்போது பழைய விகிதமே வர வேண்டும்.

ஜோகூருக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க: ஏற்றுமதிக்குச் சுழிய விகிதம் (0 விழுக்காடு வரி) என்று குறியீடு போட்டால் மட்டும் போதாது, ஏற்றுமதி பெர்மிட்டும் போக்குவரத்து ஆவணமும் கையில் இருக்க வேண்டும். அவற்றை அந்த இன்வாய்ஸோடு ஈஆர்பியிலேயே இணைத்து வையுங்கள். மூன்று வருடம் கழித்து உள்நாட்டு வருவாய் ஆணையம் கேட்கும்போது அலமாரியைக் குடைய வேண்டியதில்லை.

இன்வாய்ஸ்நவ் என்கிறார்களே, பில்லை பிடிஎஃப்பாக மின்னஞ்சலில் அனுப்புவதுதானே அது?

இல்லை. பிடிஎஃப் வந்தால் எதிர்முனையில் ஒருவர் அதைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். இன்வாய்ஸ்நவ் 2019இல் இங்கே தொடங்கிய நாடளாவிய மின்-இன்வாய்ஸ் கட்டமைப்பு, பெப்பால் என்ற அனைத்துலகத் தரத்தில் ஓடுகிறது. உங்கள் ஈஆர்பியிலிருந்து வாடிக்கையாளரின் ஈஆர்பிக்கு இன்வாய்ஸ் தரவாகவே போய் விழும். நிறுவனப் பதிவெண்தான் முகவரி.

வரிக்காகவும் இது வருகிறது. புதிதாகத் தொடங்கி விருப்பத்தின் பேரில் பொருள், சேவை வரிக்குப் பதியும் நிறுவனங்களுக்கு 2025 நவம்பர் 1 முதலும், விருப்பத்தின் பேரில் புதிதாகப் பதியும் மற்ற எல்லாருக்கும் 2026 ஏப்ரல் 1 முதலும், இன்வாய்ஸ் தரவை இந்த வழியில் ஆணையத்துக்கு அனுப்புவது கட்டாயம். ஆண்டு வருவாய் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டி, கட்டாயத்தின் பேரில் பதிந்தவர்கள் இந்த இரண்டு பிரிவிலும் வரமாட்டார்கள்.

ஆனால் கட்டாயம் என்பதைவிட, வரவு வரும் பில்கள்தான் எனக்குப் பிடித்த பகுதி. சப்ளையர் அனுப்பும் இன்வாய்ஸ், உங்கள் கொள்முதல் ஆணை, கிடங்கில் போட்ட வரவுப் பதிவு, மூன்றையும் சிஸ்டமே ஒத்துப்பார்க்கும். ஒத்துவராததை மட்டும் ஆள் பார்த்தால் போதும். இரண்டு மூட்டை குறைவாக வந்ததற்கு முழுத் தொகை கட்டும் பழக்கம் அன்றோடு நின்றுவிடும். இதற்கும் பொருள் பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மறுபடி சொல்லத் தேவையில்லை, சொல்லிவிட்டேன்.

சம்பளப் பகுதியையும் இதிலேயே ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் உள்ளூர் விதிகளைத் தானாகப் புதுப்பிக்கும் மென்பொருளாக இருக்க வேண்டும். மத்திய சேம நிதிக்கான மாதச் சம்பள உச்சவரம்பு 2023 செப்டம்பருக்கு முன் 6,000 வெள்ளி. படிப்படியாக ஏறி 2026 ஜனவரியில் 8,000. 55 வயதைத் தாண்டியவர்களுக்கு விகிதம் வேறு, அதுவும் மாறிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு ஜனவரியும் நீங்களே கையால் மாற்ற வேண்டிய மென்பொருள் என்றால் சம்பளத்தைத் தனிச் சேவையில் ஓட்டிவிட்டு மொத்தத் தொகையை மட்டும் ஈஆர்பிக்குள் கொண்டுவருவது நல்லது.

வெளிநாட்டு மென்பொருள்களில் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) பிடித்தம் என்று ஒரு வரி இருக்காது. இந்திய ஊழியரின் சம்பளத்துக்கு ஏற்ப 1 வெள்ளி முதல் 30 வெள்ளிவரை போகும் சின்னத் தொகைதான், ஆனால் சம்பளச் சீட்டில் தனியாகத் தெரிய வேண்டும். வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் இதை ஒரு கேள்வியாகக் கேளுங்கள். பதில் சொல்லும் முகத்தைப் பார்த்தாலே அவருக்குச் சிங்கப்பூர் எவ்வளவு தெரியும் என்று தெரிந்துவிடும்.

எங்கள் வியாபார முறைக்கு ஏற்ப மென்பொருளை மாற்றி எழுதித் தரச் சொல்லலாமா?

கொஞ்சம். ஜெர்மன் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் லிடில், சரக்கின் மதிப்பை வாங்கிய விலையில் கணக்கிடுவது எங்கள் வழக்கம் என்று பிடிவாதமாக நின்றது. எஸ்ஏபி மென்பொருளோ சில்லறை விலையில் கணக்கிடும்படி அமைந்தது. மாற்றி மாற்றி எழுதி, ஏழு வருடமும் ஏறத்தாழ 50 கோடி யூரோவும் போன பிறகு 2018இல் கைவிட்டார்கள்.

நம் அளவில் இது எப்படி வரும் என்றால், 'முதலாளிக்கு இந்தப் பத்தி இடது பக்கம் வேண்டும்' என்று தொடங்கும். ஒவ்வொரு மாற்றமும் அடுத்த பதிப்புக்கு மாறும்போது திரும்பக் காசு கேட்கும். என் வழக்கம் இது. வாடிக்கையாளருக்கோ அரசாங்கத்துக்கோ தெரியும் மாற்றம் என்றால் செய்வேன். எங்கள் பழக்கத்துக்காக என்றால் பழக்கத்தை மாற்றப் பார்ப்பேன். விதிவிலக்கு ஒன்று உண்டு. தேக்கா கடைக்காரர்கள் பலர் வாரக் கணக்கில் பாக்கி தீர்ப்பவர்கள், 'முப்பது நாள் தவணை' என்ற மென்பொருளின் அச்சு அவர்களிடம் செல்லாது. அதை மாற்றி எழுதக் கொடுத்த காசு ஒரு வருடத்தில் திரும்பி வந்தது.

கிடங்கு ஊழியர்கள் பதியவே மாட்டேன் என்கிறார்களே?

அவர்களுக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பாருங்கள். பதிந்தால் ஐந்து நிமிடம் கூடுதல் வேலை. பதியாவிட்டால் யாரும் கேட்பதில்லை.

நோட்டு வைத்திருந்த அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு ஆங்கிலத் திரை பிடிபடவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒரு சனிக்கிழமை அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மொழி பிரச்சினையே இல்லை. கணினி இருந்தது மாடி அலுவலகத்தில். சரக்கு இறங்கியதும் நோட்டில் எழுதி, மதியம் சாப்பிட்ட பிறகு மேலே ஏறிப் போய், யாராவது எழுந்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர் அவர். நாங்கள் வாங்கிய சந்தாவிலேயே கைபேசிச் செயலி இருந்தது, யாரும் திறக்கவில்லை. பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் அதைப் போட்டு, பார்கோடு ஸ்கேன் செய்ய ஒரு கருவி வாங்கி, திரையில் மூன்று பொத்தான் மட்டும் விட்டோம்: வந்தது, போனது, உடைந்தது. பொருள் பெயர்களைத் தமிழிலும் சேர்த்தோம். ஆறு வாரத்தில் நோட்டு தேவைப்படவில்லை. 'உடைந்தது' என்ற பொத்தானைக் கேட்டு வாங்கியவர் அவர்தான், எங்களுக்கு அது தோன்றவில்லை.

எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்தான் வைத்திருக்கிறோம். பரவாயில்லையா?

இல்லை. பயனர் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று செய்கிறீர்கள். ஒரு விலை மாறினால் யார் மாற்றியது என்று சாகும்வரை தெரியாது. அடையாள அட்டை எண்ணும் சம்பளமும் உள்ளே இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

மேம்படுத்த அரசு மானியம் கிடைக்குமா?

உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியத்தின் கீழ், முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற தீர்வுகளுக்குத் தகுதியுள்ள செலவில் 50 விழுக்காடுவரை உதவி உண்டு. நிறுவனத்தில் குறைந்தது 30 விழுக்காடு உள்ளூர்ப் பங்கு இருக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன்பே முன்பணம் கட்டிவிட்டாலோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டாலோ மானியம் கிடையாது. 'நல்ல நாள் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துட்டேன்' என்று வந்தவரை நான் அறிவேன். பாதி விலை என்பதற்காக வேண்டாத மாட்யூலை வாங்கினால் மீதிப் பாதி உங்கள் பணம்தான்.

பலன் கூடியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விற்பனையாளர் காட்டும் வண்ண வண்ணப் படங்களை விடுங்கள். நான்கு எண்ணை ஒரு தாளில் எழுதி, மாதாமாதம் நிரப்புங்கள். மாதக் கணக்கை முடிக்க எத்தனை நாள் ஆகிறது. எண்ணிப் பார்த்த பொருள்களில் எத்தனை சிஸ்டத்தோடு ஒத்துப்போயின. விற்ற காசு கைக்கு வர சராசரி எத்தனை நாள். ஆறு மாதமாக அசையாத சரக்கின் மதிப்பு எவ்வளவு. எங்களுக்கு மாதக் கணக்கு முடிய 18 நாள் ஆனது, இரண்டு வருடத்தில் 6க்கு வந்தது. அசையாத சரக்குப் பட்டியலை முதன்முதலில் முதலாளியிடம் நீட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். முதல் வரியிலேயே நின்றது அவர் அண்ணன் மகன் பேச்சைக் கேட்டு வரவழைத்த சிறுதானிய நூடுல்ஸ்.

இரண்டு பேர் உட்காரும் கடைக்கு ஈஆர்பி வேண்டுமா?

வேண்டாம். நல்ல கணக்கு மென்பொருளும் ஒழுங்கான பில் இயந்திரமும் போதும். கிடங்கு தனியாகி, கொள்முதல் செய்பவரும் விற்பவரும் வேறு வேறு ஆளாகும்போது யோசியுங்கள்.

பழைய நோட்டுகளையும் எக்செல் கோப்புகளையும் தூக்கிப் போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். வணிக, வரிப் பதிவேடுகளைக் குறைந்தது ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். எக்செல் கோப்புகளை யாரும் திருத்த முடியாதபடி பூட்டி, கடைசிப் பதிவுத் தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி ஒரே இடத்தில் போடுங்கள். நோட்டுகளைப் பெட்டியில் அடுக்கி, வெளியே வருடத்தை எழுதி ஒட்டுங்கள். மென்பொருளை மாற்றும்போதும் இதே கதைதான், பழைய நிறுவனத்தின் சந்தாவை நிறுத்துவதற்கு முன் எல்லாத் தரவையும் இறக்கி, அது வேறொரு கணினியில் திறக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். எங்களுக்கு வந்த முதல் கோப்பில் வாடிக்கையாளர்களின் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்திருந்தன. சந்தா முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்ததால் திரும்ப இறக்க முடிந்தது.